கேன்சல் வேறு, போஸ்ட்போன் வேறு

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மற்றவர்கள் சேர்ந்து அவளைக் கேலி செய்தே தீர்த்துவிடுவீர்கள்.

"மேடம், ஒரு டவுட். கப்பல் இன்னிக்குப் போகலைன்னா கேன்சல்னு சொன்னா என்ன, போஸ்ட்போன்னு சொன்னா என்ன? போகாதது போகாததுதானே? பப்ளிக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அடுப்பில் பால் இருந்தது. "அப்புறம் சொல்றேன்மா" என்று போனை வைத்தேன். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கு அவள்தான் பொறுப்பு.

அந்த 'அப்புறம்' இதுதான். அறிவிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். நம் தீவில் கப்பல்கள் வந்து கட்டுகிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் அறிவிப்பு அறையில் என் பாதி ஆயுள் போயிற்று. மைக்கை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் நீங்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்வீர்கள். கண்ட்ரோல் ரூமிலிருந்து வருகிற ஒரு ஆங்கிலச் சொல்லை எந்தச் சொல்லாக வெளியே அனுப்புவது என்பதுதான் வேலை. அதற்கு யாரும் பயிற்சி தரமாட்டார்கள்.

எனக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. ஜங்லிகாட்டில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். அங்கே டிலே, போஸ்ட்போன் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய அர்த்தங்கள். ஜெட்டிக்கு வந்தபிறகுதான் அவை ஒவ்வொன்றுக்கும் முகம் இருப்பது தெரிந்தது.

ஒருமுறை எங்கள் அறையிலிருந்து ஒரு கப்பல் 'லேட்' என்று அறிவிப்புப் போனது. கப்பல் வந்து கட்டியதும் அதன் கேப்டன் நேராக நாலு படி ஏறி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். மலையாளி. தொப்பியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "யாரு லேட்? தூங்கி எழுந்து வர்றவன் லேட். நான் ராவிலே தொட்டு கடலோட சண்டை போட்டு வர்றேன். என்னை டிலேன்னு சொல்லு, லேட்னு சொல்லாதே" என்று சொல்லிவிட்டு, எங்கள் ஃபிளாஸ்கில் இருந்த டீயையும் குடித்துவிட்டுப் போனார். லேட் என்றால் அவன் தாமதித்தான். டிலே என்றால் எதுவோ அவனைத் தாமதிக்க வைத்தது. எந்த அகராதியும் இதை எனக்கு இவ்வளவு கோபமாகச் சொல்லித் தரவில்லை.

இன்னொரு நாள், மாயாபந்தரிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவைக் காணவில்லை என்று ஜன்னலில் வந்து அழுதது. மிஸ்ஸிங் என்று மூன்று மொழியிலும் அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே கையில் சமோசாவோடு வந்து நின்றார். "நான் காணாம போகலம்மா. கேன்டீன்லதான் இருந்தேன். இவங்கதான் என்னைக் காணல" என்றார். மிஸ்ஸிங் என்பது தேடுகிறவர்களின் சொல். லாஸ்ட் என்பது தொலைந்தவனின் சொல். அவர் தொலையவே இல்லை. சமோசா நன்றாக இருந்ததாகவும் சொன்னார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நீங்கள் கேட்டது அப்படிப்பட்டதல்ல.

கப்பல் கிளம்பாத நாளில் நமக்கு நான்கு சொற்கள் வரும். டிலே, சஸ்பென்ட், போஸ்ட்போன், கேன்சல். தாமதம், நிறுத்திவைப்பு, ஒத்திவைப்பு, ரத்து என்று தமிழிலும் நான்கும் அழகாக இருக்கின்றன. ஆனால் ஜெட்டியில் நிற்கிற தமிழனாகட்டும், பெங்காலியாகட்டும், தெலுங்குக்காரராகட்டும், எல்லோருக்கும் ஒரே சொல்தான்: கேன்சல். மற்ற மூன்றையும் அது தின்று ஏப்பம் விட்டுவிட்டது.

வாயால் ஒன்றாகச் சொன்னாலும், காலால் வித்தியாசம் காட்டுவார்கள். பை வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெற்கே வேறொரு தீவில் இருக்கிற ஹட் பேக்குப் போகும் கப்பலுக்கு வருகிறவர்கள் நம் ஜெட்டியில் வரிசையில் நிற்பதில்லை, அவர்களுடைய பைகள்தான் நிற்கும். ரெக்ஸின் பை, அரிசி மூட்டை, பிளாஸ்டிக் வாளி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. யார் பையையும் யாரும் தள்ளமாட்டார்கள். டிலே என்று நாம் சொன்னால், பையை விட்டுவிட்டு ஆள் டீ குடிக்கப் போவான். சஸ்பென்ட் என்றால் பையின் மேலேயே உட்கார்ந்துகொள்வான். போஸ்ட்போன் என்றால் பையை வரிசையிலேயே விட்டு, மேலே தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, ஜங்லிகாட்டிலோ வேறெங்கோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போவான். கேன்சல் என்றால் மட்டும்தான் பையைத் தூக்குவான். ஒருமுறை தூக்கிவிட்டால் அந்த இடம் போயிற்று. கடைசியில் போய்தான் நிற்கவேண்டும், அதில் சண்டையே கிடையாது. பை நின்றால் ஆள் வந்த கணக்கு. ஹட் பேயில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

ஆனி மாதக் கடைசி. நமக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையிலிருந்தே காற்று. ஹட் பே கப்பல் கட்டியபடியே நின்று ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் வழக்கமான பைகளோடு ஒரு பெரிய டிரங்குப் பெட்டி, சிவப்புத் துணி சுற்றிய தட்டுகள், வாழையிலைக் கட்டு, ஈரச் சாக்கில் பொதிந்த பூ எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார். பெண் ஹட் பேயில். இரண்டு நாள் கழித்துக் காலையில் முகூர்த்தம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும்.

கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. ஹட் பே கப்பல் போஸ்ட்போன், புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும். வழக்கப்படி முதலில் ஹிந்தி, பிறகு ஆங்கிலம், பிறகு தமிழ் என்று சொன்னேன். நான் தமிழில் "ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்பதை முடிப்பதற்குள் கீழே ஜெட்டி முழுக்க "ஜஹாஜ் கேன்சல், ஜஹாஜ் கேன்சல்" என்று ஓடிவிட்டது. ஆளுக்கொரு போனை எடுத்து வீட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எதற்கு மைக் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா ஜன்னலுக்கு வந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். இங்கே வந்து கட்டடக் கான்ட்ராக்ட் எடுத்து ஊன்றிவிட்டவர். வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பின்னால் மாப்பிள்ளைப் பையன் நின்றான்.

"மேடம், கேன்சல்னு ஒரே ஒரு தடவ மைக்ல சொல்லிடுங்க."

"எதுக்குங்க?"

கையிலிருந்த போனைக் காட்டினார். "சம்பந்தி லைன்ல இருக்காரு. நான் சொன்னா நம்பமாட்டேங்குறாரு. மைக்ல கேட்டா நம்புவாரு." சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி, ஜன்னலுக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரை நோக்கிப் போனைப் பிடித்துக்கொண்டார்.

"வந்த சேதி கேன்சல் இல்லீங்க. போஸ்ட்போன். தள்ளி வச்சிருக்காங்க."

"இன்னிக்குப் போகுதா?"

"போகல."

"நாளைக்கு?"

"தெரியல."

"நாளான்னிக்குக் காலைல முகூர்த்தம் மேடம். அதுக்கப்பறம் கப்பல் போனா எனக்கென்ன, போகாட்டி எனக்கென்ன? எனக்கு அது கேன்சல்தானே?"

உங்களில் ஒருத்தி கேட்ட அதே கேள்வி.

பக்கத்து டிக்கெட் கவுன்டரில், நாம் எல்லோரும் 'தாதா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற பெங்காலிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. "தீதி, ஏக் பார் கேன்சல் போல் தோ நா. சப் கர் சலா ஜாயேகா" என்றார். ஒருதரம் சொல்லிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவரும் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். டூரிஸ்ட்காரர்கள் சிலரும் அதையேதான் கேட்டார்கள், அவர்களுக்குப் பிளேன் டிக்கெட்டை மாற்ற வேண்டும். எல்லோருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று என்னைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷம் என்னால் சொல்லியிருக்க முடியாது. வந்த சேதி அது இல்லை, அவ்வளவுதான்.

கான்ட்ராக்டர் போனை அணைத்தார். ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். குரல் இறங்கிவிட்டது.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இது மூணாவது தடங்கல். நிச்சயதார்த்தத்தன்னிக்குக் காத்துல பந்தல் விழுந்துச்சு. தாலி செய்யக் குடுத்தேன், ஆசாரி ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. இப்ப கப்பல். இவன் அம்மா இருந்தா அவ சொல்லியிருப்பா, செய்யலாமா வேண்டாமான்னு. அவ போயிட்டா. நான் யாரைப் போயி கேப்பேன்? வேண்டாம்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? மைக்ல வந்துட்டா, நான் சொன்னதா இருக்காது பாருங்க."

எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் அப்போதே போய்விட்டது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். தன் பயத்துக்கு ஒரு அரசாங்கச் சொல் கிடைத்தால் அதன் பின்னால் போய் நின்றுகொள்ளலாம் என்று பார்த்தார். ஆனால் அந்தச் சொல் ஹட் பேயில் போய் இறங்கும்போது என்ன ஆகும் என்று நினைத்தேன். கப்பல் கேன்சல் என்றால் நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கல்யாணம் கேன்சல் என்றால் அந்தப் பெண்ணின் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும். அவள் கடைக்குப் போனால் கூடவே போகும். ஹட் பே சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

"அண்ணே, நீங்களே தடங்கல்னுதான் சொல்றீங்க. தடைன்னு சொல்லலையே" என்றேன்.

"வார்த்தைய வச்சு வெளையாடாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். சரியாகத்தான் கோபப்பட்டார். கண்ணில் தண்ணீரோடு நிற்கிற மனிதரிடம் இலக்கணம் பேசினால் யாருக்கும் கோபம் வரும்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே வரிசைக்குப் போனார். டிரங்குப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். தட்டுகளை எடுத்தார். இலைக் கட்டை எடுத்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையைத் தூக்குவது என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசியாக ஒரு நீல ரெக்ஸின் பை. அதையும் தூக்கி ஆட்டோ அருகே கொண்டுபோய் வைத்தார். உறவுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள்.

பையன் ஏறவில்லை. அந்த நீலப் பையை எடுத்தான், திரும்ப நடந்தான், அது இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தான். நியாயப்படி கடைசியில்தான் வைத்திருக்கவேண்டும். பின்னால் மூட்டையோடு உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரப் பெண்மணி வேறு பக்கம் பார்த்தபடி தன் மூட்டையைக் காலால் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அப்பா ஆட்டோவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். பையன் போய் ஏறிக்கொண்டதும் ஆட்டோ கிளம்பியது. நீலப் பை மட்டும் நின்றது.

நான் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். தேதி கேட்டேன். கடல் சொன்னால் நாங்கள் சொல்கிறோம் என்றார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

மதியத்துக்குமேல் விசாரணைப் போன் அடித்தது.

"ஹலோ, ஜெட்டி என்கொயரியா? ஹட் பே ஜஹாஜ் கேன்சலா மேடம்?"

சின்னப் பெண்ணின் குரல்.

"இல்லம்மா. தள்ளி வச்சிருக்கு."

"எந்தத் தேதிக்கு?"

பாருங்கள், இதைத்தான் கேட்டாள். கேன்சல் என்ற சொல்லிடம் யாரும் தேதி கேட்பதில்லை. போஸ்ட்போன் என்றால் முதல் கேள்வியே அதுதான்.

"தேதி இன்னும் வரலம்மா."

"மாமா கேன்சல்னு சொல்லிட்டாங்க மேடம். எங்கப்பாகிட்ட. அப்பா சாப்பிடவே இல்ல. நான்தான் கல்யாணப் பொண்ணு."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மாப்பிள்ளைக்குப் போன் போட்டியாம்மா?"

"போட்டேன். வந்துடுறேன்னுதான் சொல்றாரு. அவரு எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாரு. வந்துடுறேன், பாத்துக்கலாம், டிக் ஹை. அதான் உங்கள கேக்குறேன்."

என்னிடம் என்ன இருந்தது? கப்பல் வரும் என்று என்னால் சொல்ல முடியாது. சேதி வராமல் நாம் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ஆறுதலுக்காக ஒரு தேதியைச் சொல்லி அந்தத் தேதியும் பொய்த்தால், அப்புறம் நம் மைக்கில் வருகிற எதையும் அவள் நம்பமாட்டாள். மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்வது என் வேலை இல்லை. குடும்ப விவகாரத்தில் தலையிடுவதும் என் வேலை இல்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். ஜெட்டியில் என் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ, அதைச் சொல்லலாம். அது என் வேலைதான்.

"தேதி தெரியலம்மா. ஆனா ஒரு நீலப் பை வரிசையில நிக்குது."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ரெக்ஸின் பையா?"

"ஆமா."

"ஜிப் பிஞ்சிருக்குமே?"

"இங்கேருந்து தெரியலம்மா."

"பிஞ்சிருக்கும்" என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்கப்பாகிட்ட சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் கடல் அடங்கவில்லை. புதுச் சேதி எதுவும் வராவிட்டாலும் அன்றைக்கு நான் அடிக்கடி மைக்கைப் போட்டேன். "ஹட் பே கப்பல் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. ரத்து செய்யப்படவில்லை." இந்த இரண்டாவது வாக்கியம் வழக்கத்தில் இல்லை. தாதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்றாவது தரம் நான் சொன்னபிறகு, அவரே எழுந்து வந்து மைக்கை வாங்கி அதைப் பெங்காலியிலும் சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கான்ட்ராக்டர் என்னிடம் பேசியது பக்கத்துக் கவுன்டருக்குக் கேட்காமலா இருக்கும்?

பையன் காலையிலேயே வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம், நல்ல மழையில், ஒரு ஆட்டோ வந்து நின்றது. கான்ட்ராக்டர் மட்டும் இறங்கினார். பையை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பையின் கிட்டப் போனார். காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை பறந்து, அந்தப் பை ஓரமாக நனைந்துகொண்டிருந்தது. குனிந்தார். தார்ப்பாயை இழுத்துப் பையை மூடினார். சுற்றுமுற்றும் பார்த்து ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து முனையில் வைத்தார். அப்புறம் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

முகூர்த்த நாள் காலையில் காற்று நின்றிருந்தது. ஆனால் கப்பல் கிளம்பவில்லை, அலை இன்னும் இருந்தது. அவர் ஜன்னலுக்கு வந்தார். ஷேவ் செய்யவில்லை.

"மேடம், அன்னிக்கு என்ன வார்த்தை சொன்னீங்க?"

"போஸ்ட்போன்."

"அதுக்கும் கேன்சலுக்கும் என்ன வித்தியாசம்? வெளையாட்டுக்குக் கேக்கல."

"போஸ்ட்போனுக்கு ஒரு தேதி வேணும்ணே. முன்னப்பின்ன ஆனாலும் ஒரு தேதி. தேதியே குடுக்காம சும்மா தள்ளி வச்சிட்டே போனா, அது கேன்சல்தான். வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான்."

"அப்ப தேதி குடுங்க."

"கப்பலுக்குக் கண்ட்ரோல் ரூம் குடுக்கணும். கல்யாணத்துக்கு நீங்கதான் குடுக்கணும்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முகூர்த்தம் போச்சே" என்றார். அன்றைக்கு வார்த்தையை வைத்து விளையாடியதே போதும் என்றிருந்தது. பிறகு அவரே போனை எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஆனாலும் கேட்டது.

"சம்பந்தி, நான்தான்... ஆமா... ஆமா, தப்புதான், விடுங்க. இங்க பாருங்க. ஐயர் சொன்ன தேதி போகட்டும். கப்பல் என்னிக்கு ஹட் பேயில வந்து கட்டுதோ, அதுக்கு மறுநாள் காலைல தாலி கட்டிடலாம். ஆடி பொறக்கறதுக்குள்ள வருமாவா? வரும். வரலைன்னா ஆவணி முதல் முகூர்த்தம். ரெண்டுல ஒண்ணு. எழுதி வச்சுக்கங்க. அந்தப் புள்ளகிட்ட குடுங்க போனை... அழுவாத தாயி. மாமாதான் பேசுறேன்."

நான் மேஜை மேல் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று மதியம் டிரங்குப் பெட்டி திரும்ப வந்தது, தட்டுகளும் வந்தன. பூவும் இலையும் வேறு வாங்கியிருந்தார்கள். சட்டப்படி வரிசையின் கடைசியில்தான் இறக்கவேண்டும். கான்ட்ராக்டரும் அதற்குத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தெலுங்குக்காரப் பெண்மணி "அரே, உதர் கஹா, இதர் ஆவோ" என்று கூப்பிட்டு, நீலப் பைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அவர் தன் மூட்டையைப் பின்னுக்கு இழுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் தன் வாளியை. அப்படியே ஒவ்வொன்றாக வரிசை கடைசிவரை நகர்ந்தது. பை வரிசையில் அப்படி நடந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

நீ கேட்டாயே, பப்ளிக்குக்கு இரண்டும் ஒன்றுதான் என்று. பப்ளிக் என்று ஒருவர் ஜெட்டிக்கு வருவதில்லை, கண்ணு. டூரிஸ்ட் வருவான், அவனுக்குக் கேன்சல் என்றால் இன்னொரு நாள் ஹோட்டல். தாதாவுக்குக் கேன்சல் என்றால் சாப்பாடு. ஹட் பேயில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு அந்தச் சொல் என்னவாகப் போகிறது என்று உனக்கு மைக் முன்னால் தெரியவே தெரியாது. தெரியாததால்தான் வந்த சொல்லை மாற்றாதே என்கிறேன். யார் கெஞ்சினாலும், யார் கத்தினாலும், எத்தனை பேர் வீட்டுக்குப் போவதற்கு அது வசதி என்றாலும். போஸ்ட்போன் என்று வந்தால் போஸ்ட்போன் என்று சொல். சொல்லிவிட்டு, போனை எடுத்துத் தேதியைக் கேட்டுக்கொண்டே இரு. அவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.

கப்பல் மறுநாள் விடிந்ததும் கிளம்பியது. கடல் அமைதியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கண்ட்ரோல் ரூம் சேதி வந்ததும் மைக்கைப் போட்டேன். கீழே பார்த்தால், கான்ட்ராக்டர் ஸ்பீக்கருக்கு நேர் கீழே வந்து நின்றிருந்தார். கை மேலே உயர்ந்திருந்தது. கையில் போன். முதல் நாள் எப்படிப் பிடித்திருந்தாரோ அதே மாதிரி.

ஹிந்திதான் முதலில் சொல்லவேண்டும். அன்றைக்கு நான் தமிழில்தான் ஆரம்பித்தேன். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, ஹட் பேவரைக்கும் கேட்கவேண்டும் என்கிற மாதிரி சொன்னேன்.

"பயணிகளின் கவனத்துக்கு. ஒத்திவைக்கப்பட்டிருந்த ஹட் பே கப்பல் இப்போது புறப்படுகிறது."

வரிசை நகர்ந்தது. பையன் நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே போனான். எட்டிப் பார்த்தேன். ஜிப் பிய்ந்துதான் இருந்தது.